பச்சைத் தண்ணி

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். பிழை என்னுடையது. அதனால்தான் இவ்வளவு காலம் இழுத்தது. கொஞ்சம் நீளமான பதிவு. மைதானத்தில் பிள்ளைகளை விடும் பெற்றோரும், விளையாட்டுப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களும் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

நான் அக்கரைப்பற்றுக்காரன். படிப்பிப்பது ஆலையடிவேம்புப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பாடசாலையில். என் பாடம் விஞ்ஞானம். ஒரு காலத்தில் நானும் ஓடியவன் என்ற ஒரே குற்றத்துக்காக மெய்வல்லுநர் அணியும் என் தலையில் விழுந்தது. கலாசாலையில் நாங்கள் பயிற்சி எடுத்த காலத்தில் ஓடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது, குடித்தால் வயிற்றில் பிடிக்கும் என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கையும். அப்படி ஓடித்தான் நாங்களும் வளர்ந்தோம். அது பிழை என்று பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதும் நான் செய்தது, அதற்கு நேர் எதிரான பிழை.

2023 ஜூன் மாதம். கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த நாட்கள். நம்ம பக்கத்து ஆட்களுக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் எல்லாம் தீர்ந்து, எங்கள் கரைக்கு வரும்போது அடுப்பு வாயைத் திறந்த மாதிரி வீசும் காற்று. வலயப் போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பாடசாலை விட்டு, பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்து, மூன்று மணிக்குப் பயிற்சி. அதுவரை மூன்று மாதம் ஒருவரும் ஓடவில்லை. திடீரென்று தினமும் ஓட்டம்.

என்னிடம் ஒரு பையன் இருந்தான். பதினோராம் தரம், 5000 மீற்றர் ஓடுகிறவன். ஆள் ஒல்லி. வியர்வை மட்டும் மற்றவர்களை விட இரண்டு மடங்கு. கறுப்பு டீசேர்ட் போட்டு ஓடுவான். ஓடி முடித்து நின்றால் கச்சான் காற்றில் சட்டை உடனே காய்ந்துவிடும். காய்ந்த சட்டையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. முதுகில் ஏதோ நாட்டின் வரைபடம் மாதிரி இருக்கும். மற்றப் பிள்ளைகள் "சேர், இவன்ட முதுகுல அவுஸ்திரேலியா" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அது என்ன என்று ஒரு விஞ்ஞான ஆசிரியருக்குத் தோன்றவில்லை.

அன்று எட்டாவது சுற்றில் அவனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு கத்தினான். தசை தேங்காய் மூடி மாதிரி இறுகித் தோலுக்குக் கீழே துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் சொன்னேன்:

"நடிக்காதடா. எழும்பு. போட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான்."

"ஏலாது சேர்."

பாதத்தை மேலே தள்ளி நீட்டிவிட்டேன். விட்டது. பிறகு தண்ணீர் கொடுத்தேன். அந்தக் காலத்தில் நான் புதிதாகப் பிடித்திருந்த கொள்கை அது: எவ்வளவு முடியுமோ அவ்வளவு தண்ணீர். ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்றை முடித்தான். மறுபடி ஓடினான், மறுபடி இழுத்தது, மற்றக் காலிலும். இன்னொரு போத்தல். "குடி, குடிடா, இன்னும் குடி" என்று பக்கத்தில் நின்று குடிக்க வைத்தேன். மூன்றாவது போத்தல் பாதியில் இருக்கும்போது தலையிடிக்குது என்றான். பிறகு சத்தி எடுத்தான். எடுத்ததெல்லாம் வெறும் தண்ணீர். அதன் பிறகு என்னைப் பார்த்து "அப்பா, வீட்ட போவம்" என்றான்.

அந்த ஒரு சொல்லில்தான் நான் பயந்தேன்.

ஓட்டோவில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். கடமையில் இருந்த வைத்தியர் வயதில் என்னை விடச் சின்னவர். கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு தண்ணி குடுத்தீங்க?" நான் கிட்டத்தட்டப் பெருமையோடு சொன்னேன், நாலு லீற்றருக்குக் கிட்ட டொக்டர் என்று. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இரத்தப் பரிசோதனை வந்தது. சோடியம் 128. ஆரோக்கியமான ஆளுக்கு 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். "தண்ணி காணாமப் போகல்ல சேர். உப்புக் காணாமப் போயிருக்கு. மிச்சம் இருந்த உப்பையும் நீங்க தண்ணி ஊத்திக் கரைச்சிட்டீங்க" என்றார். இரவு முழுக்க வைத்திருந்து காலையில் தெளிவாக எழுப்பிவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

அதே வாரம்தான் நான் வகுப்பில் உருளைக்கிழங்குத் துண்டை உப்புக் கரைசலிலும் வெறும் தண்ணீரிலும் போட்டுப் பிரசாரணம் படிப்பித்திருந்தேன். வெறும் தண்ணீரில் போட்ட துண்டு ஏன் வீங்குகிறது என்று கேள்வியும் கொடுத்திருந்தேன். அந்தப் பையன் சரியாக எழுதியிருந்தான். மூளையின் கலங்களும் அந்தக் கிழங்குத் துண்டு மாதிரித்தான் என்று வாட்டு வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

அவனுடைய அப்பா வந்தார். வயல் கூலிக்குப் போகிறவர். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"குறை நினைக்காதீங்க சேர். வெள்ளாம வெட்டுறவனுக்குப் பச்சத் தண்ணி மட்டும் குடுத்தா மத்தியானத்துக்குள்ள வரப்புல கிடப்பான். நாங்க பழஞ்சோத்துத் தண்ணியில உப்புப் போட்டுத்தான் கொண்டு போற. எங்கட அப்பாவும் அப்பிடித்தான்."

சாகாம வீதியால் காலையில் தூக்குவாளியோடு போகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஒன்று, டிப்ளோமா வைத்திருக்கிற எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இது பழைய கதை. 1920களில் இங்கிலாந்தின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில், உள்ளே வெக்கை தாங்காமல் வியர்த்து ஊற்றித் தண்ணீரை நிறையக் குடித்த தொழிலாளர்களுக்குக் கை, கால், வயிறு எல்லாம் இழுத்துக்கொண்டது. ஜே. எஸ். ஹால்டேன் என்ற உடற்றொழிலியல் அறிஞர் இதைத் தண்ணீரே விஷமாகிற ஒரு நிலை என்றுதான் விளங்கிக்கொண்டார். குடிக்கும் தண்ணீரில் கொஞ்சம் உப்புச் சேர்த்ததும் பிடிப்புக் குறைந்தது. 1930களில் அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டியபோது பாலைவன வெயிலில் வேலை செய்தவர்களிடமும் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் இதையே கண்டார்கள். நம்ம வயல்காரன் வரப்பில் கண்டதும் அதேதான். அவனுடையது கட்டுரையாக வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு லீற்றர் வியர்வையில் ஏறத்தாழ அரைக் கிராமிலிருந்து இரண்டு கிராம் வரை சோடியம் போகலாம். ஆளுக்கு ஆள் அது நாலு மடங்கு வித்தியாசப்படும். அதுதான் ஒருவனுடைய சட்டையில் அவுஸ்திரேலியா வருவதற்கும் மற்றவனுடைய சட்டை வெறுமனே நனைவதற்கும் காரணம். கடும் வெயிலில் ஓடுகிறவன் மணிக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றர் வரை வியர்க்கக்கூடும். இரண்டு மணித்தியாலம் ஓடும் ஒரு 'உப்புக்காரப்' பையன் ஒரு மேசைக்கரண்டி உப்பை மைதானத்தில் விட்டுவிட்டு வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் மறுபடியும் பழைய ஆளாகிவிடுவேன். தண்ணீரில் செய்த பிழையை உப்பில் செய்வேன். எல்லாப் பிடிப்புக்கும் உப்புக் காரணம் இல்லை. தென்னாபிரிக்காவில் மார்ட்டின் ஷ்வெல்னஸ் என்ற விளையாட்டு வைத்தியரும் அவரோடு இருந்தவர்களும் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் இடையில் உப்பிலோ நீரிலோ பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. களைத்துப்போன தசைக்கும் நரம்புக்கும் இடையிலான கட்டுப்பாடு குழம்புவதுதான் காரணம் என்று 1997இலேயே அவர் எழுதினார். யோசித்துப் பாருங்கள்: உப்புக் குறைவுதான் ஒரே காரணம் என்றால், பாதத்தை நீட்டிவிட்டதும் பிடிப்பு ஏன் விடுகிறது? நீட்டுவதால் இரத்தத்தில் உப்புக் கூடுவதில்லையே.

இதில் இன்னும் ஒரு வேடிக்கை. 2010இல் அமெரிக்காவில் ஊறுகாய்த் தண்ணீரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். மின்சாரம் கொடுத்துக் காலில் பிடிப்பை உண்டாக்கி, ஊறுகாய்த் தண்ணீரும் வெறும் தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். ஊறுகாய்த் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஒன்றரை நிமிடத்துக்குள் பிடிப்பு விட்டது. அந்த நேரத்துக்குள் உப்பு குடலைத் தாண்டி இரத்தத்துக்குப் போகவே முடியாது. புளிப்பும் காரமும் தொண்டையில் பட்ட உடனே நரம்பு வழியாக ஏதோ ஒரு செய்தி போய்த் தசையை விடச்சொல்கிறது போலும். இதை வாசித்தபோது எங்கள் விளையாட்டுப் போட்டிகளில் வாசலில் மாங்காய் அச்சாறு விற்கும் அந்த மனுசிதான் ஞாபகத்துக்கு வந்தார். அவரை மைதானத்துக்குள் விடாமல் கேற்றுக்கு வெளியே நிறுத்துகிறோம்.

அப்படியானால் களைத்துப்போன கெண்டைக்காலில் மட்டும் வரும் பிடிப்பு ஒன்று. வியர்த்து ஊற்றி, இரண்டு கால், வயிறு, கை என்று இடம் மாறி மாறி இழுக்கும் பிடிப்பு வேறொன்று. முதலாவதுக்கு நீட்டலும் ஓய்வும் போதும். இரண்டாவதுக்கு உப்பு வேண்டும். இரண்டுமே சேர்ந்து வருவதும் உண்டு. என் பையனுக்கு வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். மூன்று மாதம் ஓடாத தசை, அதோடு பறிபோன உப்பு, அதன் மேல் என்னுடைய நாலு லீற்றர்.

எங்கள் பாடசாலைகளின் பழக்கத்தில் எனக்குப் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது. உடம்பு வெயிலுக்குப் பழகப் பத்து முதல் பதினாலு நாள் எடுக்கும். பழகப் பழக வியர்வை கூடும், ஆனால் வியர்வையிலுள்ள உப்புக் குறையும். வியர்வை தோலுக்கு வரும் வழியிலேயே உடம்பு சோடியத்தை மீட்டு எடுத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. பழகாத உடம்பு அப்படியே வெளியே ஊற்றும். நாங்கள் என்ன செய்கிறோம்? போட்டித் திகதிக் கடிதம் வந்த பிறகு, சரியாக அந்த இரண்டு கிழமையில், பழகாத பிள்ளையை மூன்று மணி வெயிலில் முழு வேகத்தில் ஓடவிடுகிறோம். உடம்பு பழகி முடிக்கும் நாளில் போட்டியும் முடிந்துவிடுகிறது. அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து.

2024 மார்ச்சில் எங்களுக்கு அடுத்த திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டம் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் இறந்துபோனான். அந்தப் பிள்ளையின் மரணத்தை என் கதையோடு முடிச்சுப் போட எனக்கு உரிமை இல்லை. நான் சொல்ல வருவது, அந்தச் செய்தி வந்த அன்று இந்தக் கரையோரத்தில் விசில் பிடித்த ஒவ்வொரு ஆசிரியருக்கும் என்ன நடந்தது என்பதுதான். எனக்கு "அப்பா, வீட்ட போவம்" என்ற குரல் கேட்டது. அந்தப் பருவத்தில் வெயில் நேரத்தில் பிள்ளைகளை வெளியே விளையாட விடவேண்டாம் என்று கல்வி அமைச்சும் அறிவித்தது. கொஞ்ச நாள் எல்லோரும் கவனமாக இருந்தோம். பிறகு வழமைபோல.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கால் இழுப்பது வேறு, பிள்ளை புத்தி தடுமாறுவது வேறு. வெயிலில் ஓடிய பிள்ளை உளறினால், தள்ளாடினால், உடம்பு கொதித்தால், வாகனம் வரும் வரை சும்மா பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை மேலே ஊற்றுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள், விசிறுங்கள். அதைச் செய்துகொண்டே வாகனத்துக்குச் சொல்லியனுப்புங்கள். சுயநினைவு குழம்பிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தண்ணீரோ உப்புத் தண்ணீரோ. நான் ஊற்றினேன்.

இப்போது எங்கள் மைதானத்தில் ஒரு மஞ்சள் வாளி இருக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சீனி, தலை தட்டி அளந்து. அதோடு தேசிக்காய். சீனி ருசிக்கு மட்டுமில்லை. குடலில் குளுக்கோசும் சோடியமும் சோடியாகத்தான் உள்ளே போகின்றன. அவற்றின் பின்னால் தண்ணீர் போகிறது. நம்ம ஜீவனிப் பக்கற்றுக்குள் இருக்கும் சூத்திரமும் இதுதான். 1971இல் வங்காள அகதி முகாமில் கொலராவில் சாகக் கிடந்தவர்களுக்கு டொக்டர் திலீப் மஹலனாபிஸ் வாளி வாளியாகக் கரைத்துக் கொடுத்ததும் இதே உப்பும் சீனியும்தான். ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்த பயிற்சி என்றால் வாளியே தேவையில்லை. தாகத்துக்குத் தண்ணீர், வீட்டில் சோறு, போதும். நீண்ட பயிற்சிக்கும் சட்டையில் கோடு விழும் பிள்ளைகளுக்கும்தான் வாளி. ஒருவரையும் வற்புறுத்திக் குடிக்க வைப்பதில்லை. தாகம் எவ்வளவோ அவ்வளவு. 2002 பொஸ்டன் மரதனில் ஒரு பெண் நீர்ப்பானங்களை அளவுக்கு மிஞ்சிக் குடித்து இறந்தார். அதே வருட ஓட்டத்தில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அமெரிக்காவில், ஏப்ரல் மாதக் குளிரில்!

வாழைப்பழம் கொடுங்கள் சேர் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பெற்றோர் சொல்வார். கொடுங்கள், பசிக்கு நல்லது. அதில் இருப்பது பொட்டாசியம். வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். தம்பிலியும் அப்படித்தான். குடிக்கிறதென்றால் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிக்கலாம்.

வீட்டில் இதனால் எனக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. "வாப்பாக்குப் பிரஷர் எண்டு கறியில உப்புக் குறைச்சு ஆக்கிறம், நீங்க மோட்டபைக்ல உப்புப் பக்கற்றோட திரியிறீங்க" என்கிறாள் மனைவி. அவள் சொல்வதும் நியாயம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாங்கள் அதைவிடக் கூடத்தான் தின்கிறோம். மின்விசிறிக்குக் கீழே இருக்கிறவனுக்கு இந்த வாளி தேவையில்லை. 2025இல் நாட்டில் உப்புத் தட்டுப்பாடு வந்து ஒரு பக்கற்றுக்குக் கடை கடையாக அலைந்தபோது, வீட்டுக்கு வாங்கியதில் பாதி மைதானத்துக்குப் போனது அவளுக்கு இன்றுவரை தெரியாது. இதை வாசித்தால் தெரிந்துவிடும்.

அதே வருட நோன்பு மார்ச் மாதத்தில் வந்தது. தமிழ்ப் பாடசாலை என்பதால் எனக்கு விடுமுறை இல்லை. நோன்போடு விசில் ஊதினேன். சில இரவுகளில் எனக்கே கெண்டைக்கால் இழுத்து எழும்பி உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் பள்ளியில் ஊற்றிய நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு, பயிற்சி முடிந்து நின்ற பிள்ளைகளிடம் போனேன். அரிசி, தண்ணீர், உப்பு, கொஞ்சம் தேங்காய்ப்பால், இஞ்சி. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீர் படாத உடம்பை மெதுவாகத் திருப்பி எடுக்க இதைவிட நல்லதை யார் கண்டுபிடித்தார்கள்? அந்தப் பையனும் அன்று வந்திருந்தான். பாடசாலை முடித்துவிட்டான், ஆனாலும் மாலையில் வந்து சின்னவர்களோடு ஓடுவான். இரண்டு கோப்பை குடித்துவிட்டு, "சேர், இது எங்கட அப்பாட பழஞ்சோத்துத் தண்ணி மாதிரித்தான், ஆனா இதுல இறைச்சி கிடக்கு" என்றான்.

அவன் வலய மட்டத்தில் ஓடவில்லை. 2023இல் நான்தான் பெயரை வெட்டினேன். அடுத்த வருடம் ஓடி நாலாவது வந்தான். "நடிக்காதடா" என்று சொன்னதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், ஒரு தடவை, மைதானத்தின் ஓரத்தில். "எப்ப சேர் சொன்னீங்க?" என்று கேட்டான். மறந்துவிட்டானா, மறந்த மாதிரி இருந்தானா தெரியவில்லை. நடிக்கத் தெரியாத பையன் அவன்.

இந்த வருட மரதன் ஓட்டத்தைக் காலை ஒன்பது மணிக்கு என்று போட்டிருந்தார்கள். அதிதிகள் வர வசதியாம். கூட்டத்தில் நான் எழும்பி ஆறு மணிக்கு வைக்கச் சொன்னேன். அதிதிகள் அந்த நேரம் வரமாட்டார்கள் என்றார் ஒருவர். அதிதிகள் ஓடப்போவதில்லையே என்றேன். கொஞ்சம் சூடாகிவிட்டது. கடைசியில் ஆறரை என்று முடிவானது. கொடியேற்றமும் பேச்சும் ஓட்டத்துக்குப் பிறகு. அந்த முப்பது நிமிடத்தை நான் விட்டுக்கொடுத்தேன்.

நாளைக்குத்தான் ஓட்டம். வாளி கழுவிக் காய்கிறது. தேசிக்காய் ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து வரும். சீனி இருக்கிறது. உப்பு வாங்க மறந்துவிட்டேன், மூலைக்கடை பூட்ட முதல் ஓடவேண்டும்.